இண்டியோவுக்கு நாலரை ரவுண்டு

லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து இண்டியோ கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர். என் கணக்கில், ஸ்லேயர் என்ற மெட்டல் இசைக்குழுவின் 'ரெய்ன் இன் பிளட்' ஆல்பத்தை நாலரை முறை கேட்கும் தூரம். 1986இல் வந்த அந்த ஆல்பத்தில் பத்துப் பாட்டு, மொத்தமே 29 நிமிடம்தான்.

கார் ஓட்டியது சித்தப்பா மகன். "எல்லாம் ஒரே பாட்டு மாதிரி இருக்குண்ணா" என்றான் முதல் ரவுண்டிலேயே.

இந்தப் பயணமே ஜெஃப் ஹானமனுக்காக. 1981இல் ஹண்டிங்டன் பார்க்கில் கெர்ரி கிங்கோடு சேர்ந்து ஸ்லேயரை ஆரம்பித்த கிட்டாரிஸ்ட். ஹார்ட்கோர் பங்க் என்ற அதிவேக ராக் இசைமேல் பைத்தியம். அந்த வேகத்தை இசைக்குழுவுக்குள் கொண்டுவந்தது அவர்தான். மேடையில் கிங்தான் முதலில் கண்ணில் படுவார். பெயர் சொல்லும் ரிஃப்களில், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்குகளில், பாதிக்கு மேல் ஓரமாக நின்ற இந்த மனிதருடையவை என்பது என் கட்சி.

ஹானமனின் அப்பா இரண்டாம் உலகப் போரில் நார்மண்டியில் சண்டை போட்டவர். இறந்த ஜெர்மன் வீரர்களிடமிருந்து எடுத்துவந்த பதக்கங்களை மகனிடம் கொடுத்திருக்கிறார். போர் வரலாறு மகனுக்கு அங்கேதான் ஒட்டிக்கொண்டது. ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் மனிதர்களை வைத்துச் சோதனை நடத்திய நாஜி டாக்டர் மெங்கலே பற்றி, இந்த ஆல்பத்தின் முதல் பாட்டான 'ஏஞ்சல் ஆஃப் டெத்' எழுதினார். உடனே நாஜி ஆதரவாளர் என்ற பேச்சு கிளம்பியது. கொலம்பியா இசை நிறுவனம் ஆல்பத்தை விநியோகிக்க மறுத்தது, கெஃபன் வெளியிட்டது. மெங்கலே கெட்டவன் என்று பாட்டில் தனியாக எழுத வேண்டுமா என்பது ஹானமனின் பக்கம். எனக்கு அது பாதிதான் ஒப்பும். அவ்வளவு அழகான ரிஃப்பை அந்த வரிகளுக்குக் கொடுத்தது இன்னும் நெருடுகிறது.

போமாண்டில் ஹெமெட்டுக்குப் பிரியும் சாலை வந்தது. ஹெமெட்டில்தான் 2013 மே 2ஆம் தேதி, 49 வயதில் ஹானமன் இறந்தார். குடி கல்லீரலைத் தின்றுவிட்டது. நாங்கள் திரும்பவில்லை. தெரியாத ஊரில் போய் எதைப் பார்ப்பது?

அப்புறம் காற்றாலைகள், பாலைவனம், பேரீச்சைத் தோப்புகள். நாங்கள் தேடிவந்த இடமான, இண்டியோவின் எம்பயர் போலோ கிளப் போய்ச் சேர்ந்தபோது காரில் 46 டிகிரி. கேட் பூட்டியிருந்தது. சீசன் எப்போது என்று பார்த்துவிட்டுக் கிளம்பாதது என் தப்பு. வேலி இடுக்கில் புல் மட்டும் தெரிந்தது.

2011 தொடக்கத்தில் ஹானமனின் கையில் சதை அழுகும் தொற்று வந்தது. சிலந்திக் கடி என்றார்கள். அறுவை சிகிச்சை, தோல் ஒட்டு எல்லாம் ஆயிற்று. அவர் இடத்தில் எக்ஸோடஸ் என்ற இன்னொரு குழுவின் கேரி ஹோல்ட் வாசித்தார். அந்த ஏப்ரல் 23 அன்று, மெட்டாலிகா, மெகாடெத், ஆந்த்ராக்ஸ் என்ற மெட்டல் குழுக்களும் வந்த கச்சேரியில், இதே புல்வெளியில் ஹானமன் கடைசியாக மேடை ஏறி இரண்டே பாட்டு வாசித்துவிட்டு இறங்கினார். அவ்வளவுதான், அதன் பிறகு மேடையே இல்லை. பத்து நிமிடம் வேலியைப் பிடித்து நின்றேன். கம்பி கையைச் சுட்டது.

வழியில் பேரீச்சை மில்க் ஷேக் குடித்தோம், ஒரு டம்ளரே இருவருக்கு அதிகம். காரில் ஏறியதும் தம்பி கேட்டான்:

"இந்த ஆல்பத்துல அவரோட பெஸ்ட் எதுண்ணா?"

"முதல் பாட்டும் கடைசிப் பாட்டும்."

"அப்ப நடுவுல இருக்கறத ஓட்டிவிட்டுடலாமா?"