ஒரே பெட்டி இரண்டு பேருக்கும் பொருந்தவில்லை

வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுக்கலாம் என்று 2022 ஜூனில் பெரியவனைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினோம். நான்காம் வகுப்பு முடித்திருந்தான், வயது ஒன்பது. ஆறு வயதுச் சின்னவளையும் கூடவே நிறுத்தினோம். பத்து நிமிஷம் சேர்ந்தாற்போல் உட்கார முடியாத பெண் அவள். கேள்வி முடியும் முன்பே பதில் சொல்லிவிட்டு எழுந்து நடப்பாள், அதற்காகத் தினமும் வகுப்புக்கு வெளியே நிற்பாள்.

பெரியவன் விஷயம் வேறு. கதை சொன்னால் ஒரு வரி விடாமல் திருப்பிச் சொல்வான். ஆனால் புத்தகத்தைத் திறந்தால் முகம் மாறிவிடும். பள்ளியில், "வீட்ல தமிழ் பேசறதை நிறுத்துங்க, இங்கிலீஷ் தானா வரும்" என்றார்கள். ஒரு வருஷம் நாங்களும் அதைக் கேட்டோம். இங்கிலீஷ் வரவில்லை, அத்தையிடம், அதாவது என் மாமியாரிடம், அவன் பேசுவதுதான் குறைந்துபோனது. அந்த ஒரு வருஷத்தை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

பிறகுதான் பெங்களூர் ஓசூர் சாலையில் இருக்கும் மனநல, நரம்பியல் மருத்துவமனையான நிம்ஹான்ஸுக்குப் போனோம். வீடு இருக்கும் அல்சூரிலிருந்து காலையிலேயே கிளம்பி வரிசையில் நின்று, இரண்டு மூன்று தடவை போய் வந்தால்தான் சோதனைகள் முடியும். நுண்ணறிவுச் சோதனை தனி. வாசிப்பு, எழுத்துக்கூட்டல், கணக்கு எல்லாம் தனித்தனி. முடிவு டிஸ்லெக்ஸியா, அதாவது எழுத்தைப் படிப்பதில் சிரமம் தரும் கற்றல் குறைபாடு. வாசிப்பு ஒன்றாம் வகுப்பு அளவில், கணக்கு அவன் வகுப்பு அளவில், காதால் கேட்டுப் புரிந்துகொள்வது அதற்கும் மேலே. எங்களுக்குத் தேவையான பாடத்திட்டமே அந்தத் தாளில் இருந்தது. அதை அன்று எனக்குப் படிக்கத் தெரியவில்லை.

அதனால்தான் பெட்டி வாங்கினேன். அமெரிக்காவில் தயாரான முழுப் பாடத்திட்டம். எல்லாப் பாடமும் ஒரே வகுப்பு அளவில், தினமும் என்ன செய்ய வேண்டும் என்று அட்டவணையோடு வரும். அவனுக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று, இரண்டும் சேர்த்து 41,000 ரூபாய். அட்டவணை இருக்கிறது என்ற தைரியத்தில் வாங்கியது. அவனுடைய கணக்குப் புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் குவார்ட்டர், நிக்கல் என்று அமெரிக்க நாணயங்கள், அங்குலம், பவுண்டு. கூட்டல் தெரிந்த பிள்ளை, நிக்கல் என்றால் எத்தனை சென்ட் என்று தெரியாமல் நின்றான். வாசிப்புப் புத்தகம் நான்காம் வகுப்புக்கானது, அதில் முதல் பத்தியையே அவனால் தாண்ட முடியவில்லை. சின்னவளோ வாசிப்புப் புத்தகத்தை ஒரே வாரத்தில் முடித்துவிட்டு, எழுத்துப் பயிற்சித் தாள்களைக் கண்டாலே மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். தீபாவளிக்குள் இரண்டு பெட்டியும் பரணுக்குப் போய்விட்டன.

அதன் பிறகு ஆறு வாரம் எதுவும் வாங்கவில்லை. ஒரு நோட்டு வைத்துக்கொண்டு கவனித்ததை மட்டும் எழுதினேன். எந்த வேலையில் எத்தனை நிமிஷம் நிற்கிறார்கள், எங்கே அழுகை வருகிறது, எதைக் கேட்காமலே செய்கிறார்கள். புதிதாக ஆரம்பிக்கிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: காசு செலவழிப்பதற்கு முன்னால் இந்த நோட்டை எழுதுங்கள். "பிள்ளை எந்த வகுப்பு?" என்ற கேள்விக்கு ஒரே எண்ணில் பதில் கிடையாது என்பது எனக்கு அந்த ஆறு வாரத்தில்தான் தெரிந்தது. நிம்ஹான்ஸ் தாளை மறுபடி எடுத்துப் படித்தபோது, அதில் ஏற்கெனவே அப்படித்தான் எழுதியிருந்தது.

வாசிப்புக்கு ஆர்ட்டன் - கில்லிங்ஹாம் வழியை எடுத்துக்கொண்டோம். 1930களில் சாமுவேல் ஆர்ட்டன் என்ற நரம்பியல் மருத்துவரும் அன்னா கில்லிங்ஹாம் என்ற ஆசிரியரும் உருவாக்கியது. ஒலியை வாயால் சொல்லிக்கொண்டே கையால் எழுத்தை வரைந்து கண்ணால் பார்ப்பது; ஒன்று உறுதியான பிறகே அடுத்தது. இங்கிலீஷில் இதற்குத் தொகுப்புகள் நிறைய இருக்கின்றன. ஆனால் நான் தமிழிலிருந்து ஆரம்பித்தேன். அவன் வாயில் இருக்கும் மொழி அதுதான். பள்ளியில் இங்கிலீஷ், கன்னடம், இந்தி என்று மூன்று எழுத்து வகைகளோடு போராடியவன், தமிழ் எழுத்தில் மட்டும் தோற்றதில்லை. ஏனென்றால் யாரும் அவனுக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததே இல்லை.

தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பி 'க' எழுதச் சொன்னேன். அத்தை பார்த்துவிட்டு, "இதென்ன புதுசா? எங்க தாத்தா காலத்துல திண்ணைப் பள்ளிக்கூடத்துல மணல்லதானே எழுதுவாங்க" என்று தானும் வந்து உட்கார்ந்துகொண்டார். அன்றிலிருந்து காலைப் பாடம் அவர் பொறுப்பு.

மூன்றாவது மாதம் 'கெ'யில் வந்து நின்றுவிட்டோம். கா, கி, கு வரை தடங்கல் இல்லை. 'கெண்டை' என்ற சொல்லைப் பார்த்ததும் திகைத்தான். ஒரு வாரம் நானும் சத்தம் போட்டேன். பிறகு ஒருநாள் அவனே சொன்னான்: "அம்மா, காதுக்கு க் முதல்ல வருது, கண்ணுக்குக் கொம்பு முதல்ல வருது. நான் எதை நம்பறது?" எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாற்பது வருஷமாகத் தமிழ் படிக்கிறேன், இது ஒருநாளும் என் கண்ணில் பட்டதில்லை. இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகக் கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கு ஒற்றைக்கொம்பு ஒரு பொறி. 'கொ' இன்னும் மோசம்: முன்னால் கொம்பு, பின்னால் கால், நடுவில் மெய்.

இதற்கென்று தயாராக ஒரு தமிழ்த் தொகுப்பு நான் தேடியவரை கிடைக்கவில்லை. அட்டையில் 'க' எழுதி, கண்ணாடித் தாளில் கொம்பைச் சிவப்பு மையால் வரைந்து வெட்டினேன். முதலில் அட்டை, விரலை வைத்து 'க்'. பிறகு இடப்பக்கத்திலிருந்து கொம்பை நகர்த்திக்கொண்டு வந்து ஒட்டி 'கெ'. ஒற்றைக்கொம்புக்கு இரண்டு வாரம், இரட்டைக்கொம்புக்கு ஒரு வாரம், 'கொ', 'கோ' இரண்டுக்கும் ஒரு மாதம். அவசரப்படவில்லை.

அதற்குப் பிறகு தமிழ்நாட்டுப் பாடநூல் கழகத்தின் ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்புப் புத்தகங்கள். இணையத்தில் இலவசம். பருவம் பருவமாகப் பிரித்திருப்பதால் புத்தகம் மெலிசு. ஒரு புத்தகத்தை முடித்துவிட்டேன் என்று சொல்லும் சந்தோஷம் அவனுக்கு அதுவரை கிடைத்ததே இல்லை. கூடவே, பெங்களூரின் பிரதம் புக்ஸ் பதிப்பகம் நடத்தும் ஸ்டோரிவீவர் இணையதளத்தில் முதல் நிலைத் தமிழ்க் கதைகளை அச்செடுத்துக் கொடுத்தோம். ஒரு வருஷம் கழித்துத்தான் இங்கிலீஷ் தொகுப்பைத் திறந்தோம், அதுவும் இன்னொரு தாயிடமிருந்து பாதி விலைக்கு வாங்கியது.

கணக்கில் இரண்டு பேருக்கும் நேர் எதிர்த் தேவை. மத்திய அரசின் என்சிஇஆர்டி வெளியிடும் ஐந்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் அப்போது மீன், படகு என்று கதையாகவே ஆரம்பிக்கும். பெரியவனுக்கு அந்தக் கதையைப் படிப்பதற்குள்ளேயே மூச்சு வாங்கிவிடும். அவனுக்குச் சிங்கப்பூர் முறையில், கணக்கில் வரும் அளவுகளைப் பட்டைப் படமாக வரைந்து கணக்குப் போட வைத்தோம். கேள்வியை நான் படிப்பேன், அவன் வரைவான். அந்த என்சிஇஆர்டி வரிசை சின்னவளுக்குத்தான் அருமையாகப் பொருந்தியது. கதை இருந்தால் அவள் நிற்பாள். அவளுக்கு ஒரு பாடம் பன்னிரண்டு நிமிஷம்தான், மணி வைத்துவிடுவேன். வாய்ப்பாடு மாடிப்படியில் ஏறி இறங்கியபடி, எண்ணிக்கை பல்லாங்குழியில். எழுதுவது நாளைக்கு நான்கு வரிக்கு மேல் கிடையாது.

அறிவியலும் வரலாறும் இரண்டு பேருக்கும் பொது. ஆறாம் வகுப்புப் புத்தகத்தை நான் வாசிப்பேன், அவர்கள் திருப்பிச் சொல்வார்கள். மழை இல்லாத நாளில் கஸ்தூர்பா சாலை விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகம். சனிக்கிழமைகளில் ஏரிக்கரைத் திருவள்ளுவர் சிலை வரை நடை, அப்படியே தமிழ்ச் சங்கம்.

சான்றிதழுக்கு என்ன வழி என்று கேட்காத சொந்தக்காரர் கிடையாது. கேம்பிரிட்ஜ் தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம், கட்டணம் எங்களுக்குக் கட்டுப்படியாகாது. என்.ஐ.ஓ.எஸ் என்ற தேசியத் திறந்தநிலைப் பள்ளிதான் எங்கள் வழி. பதினாலு வயது நிரம்பினால் நேராகப் பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்யலாம். ஐந்து பாடம் போதும், கணக்கு கட்டாயமில்லை, மனையியலும் ஓவியமும்கூடப் பட்டியலில் உண்டு. ஒரே மூச்சில் எல்லாவற்றையும் எழுத வேண்டாம், ஐந்து வருஷத்தில் ஒன்பது வாய்ப்பு இருக்கிறது. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் பட்டியலில் கற்றல் குறைபாடும் இருப்பதால், முறையான சான்றிதழைக் காட்டிக் கூடுதல் நேரமும் எழுதித் தர ஆளும் கேட்கலாம். அந்தச் சான்றிதழ்க் கோப்பை இப்போதே தயாராக வைத்திருக்கிறோம்.

அவனுக்கு இப்போது பன்னிரண்டு. தமிழில் எழுதுவதா, இங்கிலீஷில் எழுதுவதா என்று இன்னும் முடிவாகவில்லை. என் கணவருக்கு இங்கிலீஷ்தான் என்று எண்ணம், அத்தைக்குத் தமிழ். அவனைக் கேட்டால், கணக்கையும் ஓவியத்தையும் கட்டாயம் சேர்க்கச் சொல்கிறான். மற்ற மூன்று பாடங்களை அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று விட்டிருக்கிறோம்.