எழுபது பேர் போட்ட ஜாமீன்

திருத்தணி வட்டாரத்தில் 11 வருடமாக மகளிர் சுய உதவிக் குழுக்களோடு வேலை பார்க்கிறேன். குழு தொடங்கி வைப்பது, கணக்கு எழுதச் சொல்லிக்கொடுப்பது, வங்கிக்கு அழைத்துப் போவது, வசூல் நின்றுபோனால் வீடு வீடாகப் போய்ப் பேசுவது என்று ஓடுகிறது பிழைப்பு. எத்தனையோ தீர்மானப் புத்தகங்களைப் பார்த்தாயிற்று. 'பேய் பார்க்கப் போவதென்று ஏகமனதாக முடிவு செய்யப்பட்டது' என்று எதிலும் படித்ததில்லை. அந்தக் குழு எழுதத்தான் பார்த்தது, நான் விடவில்லை.

குழுவில் 12 பேர். வருடத்துக்கு ஒருமுறை தலைக்கு இவ்வளவு என்று தனியாகக் காசு போட்டு எங்காவது போய் வருவார்கள். பெரும்பாலும் திருப்பதி, இல்லாவிட்டால் மேல்மருவத்தூர். சென்னையில் கம்பெனி வேலை பார்த்துவிட்டுக் கல்யாணமாகி இங்கே வந்த பெண் ஒருத்தி இந்த முறை ஆரம்பித்து வைத்தாள். பெரிய நகரங்களில் ராத்திரி நேரத்தில் கூட்டமாக நடந்து போய்ப் பேய்க் கதை கேட்கிறார்களாம், அதற்குக் கட்டணமும் உண்டாம்.

"காசு குடுத்தா?" என்றார் இட்லிக்கடை அக்கா. "நம்ம பக்கத்துல சும்மாவே இருக்குதே, பழையனூரு."

நீலிக்கண்ணீர் என்ற சொல்லைத் தமிழ் பேசுகிற எல்லோரும் ஒருமுறையாவது சொல்லியிருப்பார்கள். அந்த நீலியின் ஊர் திருவாலங்காட்டை ஒட்டிய பழையனூர் என்பது வெளியூர்க்காரர்களில் பலருக்குத் தெரியாது. எங்களுக்கு அது கரும்பு லாரி போகிற வழி.

நான் தயங்கியதற்குப் பேய் காரணமில்லை. ராத்திரியில் 12 பெண்களைக் கூட்டிக்கொண்டு போய் ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது? இன்னொரு காரணமும் உண்டு, அதை அப்போது யாரிடமும் சொல்லவில்லை. அதற்கு எட்டு மாதம் முன்னால் இதே குழுவில் தையல்காரக்கா மூன்று தவணை கட்டவில்லை. கூட்டத்தில் எழுந்து நின்று பேச முடியாமல் அழுதார். வசூலைப் பார்க்க வந்திருந்த வங்கி ஊழியர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவரிடம் குனிந்து, "நீலிக்கண்ணீர் சார்" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். ஆனால் சின்ன அறை அது.

புருஷன் தையல் மெஷினையே தூக்கிக்கொண்டு போய் அடகு வைத்துவிட்டான் என்பது பிறகுதான் தெரிந்தது. மற்ற 11 பேரும் ஆளுக்குக் கொஞ்சமாகப் போட்டு அந்தத் தவணைகளைக் கட்டினார்கள். தையல்காரக்கா என்னிடம் முகம் மாறாமல்தான் பேசினார். எனக்குத்தான் அவரைப் பார்க்க ஒரு மாதிரி இருந்தது.

சரி, போவது என்று ஆகிவிட்டது. ஒரு சனிக்கிழமை, வேன் பேசியாயிற்று. கிளம்பும்போது ஒவ்வொருவர் மடியிலும் ஒன்று இருந்தது. எலுமிச்சம்பழம், வேப்பிலை, இரும்பு ஆணி, எல்லாம் மாமியார்கள் கொடுத்தனுப்பியது. ஒரு மாமியார் பழத்தையும் கொடுத்துவிட்டுத் தானே வந்து வேனில் ஏறிக்கொண்டார். எழுபதைத் தாண்டியவர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், எங்களுக்கெல்லாம் பெரியம்மா. திருத்தணி சித்தூர் மாவட்டத்தில் இருந்த காலத்தில் பிறந்தவர். 1960 ஏப்ரல் 1 அன்று ஊர் சென்னை மாநிலத்துக்கு வந்துவிட்டது. "மேம் எங்கயும் போலேது, கோடுதான் போச்சு" என்பார், நாங்கள் எங்கேயும் போகவில்லை என்று, பாதி அந்த மொழி, பாதி இந்த மொழியாக.

திருவாலங்காட்டுக் கோயிலில் நடை சாத்துவதற்கு முன்னால் போய்விட்டோம். சிவன் ஆடிய ஐந்து சபைகளில் ஒன்றான ரத்தினசபை இது. காளியோடு ஆடிய போட்டியில் சிவன் காலை மேலே தூக்கி ஊர்த்துவ தாண்டவம் ஆடி ஜெயித்த இடம். 'அதெப்படி ஜெயிச்சதாகும், காளியால தூக்க முடியாமலா இருந்தது, கூச்சப்பட்டு நிறுத்திட்டா' என்று ஒரு வாதம் எங்கள் குழுவில் கிளம்பியது. அதைத் தீர்த்துவைக்க நான் முயலவில்லை.

காரைக்கால் அம்மையார் சந்நிதிக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றோம். புனிதவதி என்ற பெண். மாம்பழ அதிசயத்தைப் பார்த்துப் பயந்த புருஷன் கப்பலேறிப் போய், வேறு ஊரில் வேறு கல்யாணம் செய்துகொண்டான். அவள் இந்த அழகு இனி யாருக்கு என்று பேய் வடிவம் கேட்டு வாங்கினாள். தன்னைக் காரைக்கால் பேய் என்றே பாட்டில் சொல்லிக்கொண்டாள். தலையால் நடந்து வந்து சேர்ந்த இடம் இந்த ஆலங்காடு. சென்னைப் பெண்தான் கவனித்தாள். "அக்கா, இவங்க வீட்டுக்காரரும் வியாபாரி, நீலி புருஷனும் வியாபாரி." இத்தனை வருடமாக இந்தக் கோயிலுக்கு வருகிறேன், எனக்கு இது தோன்றியதே இல்லை.

அப்புறம் பழையனூர்ப் பாதை. வேன்காரப் பையன் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, கண்ணாடியை ஏற்றி, பாட்டைச் சத்தமாக வைத்துக்கொண்டான். இறங்க மாட்டேன் என்று சொல்லவில்லை, டீசலைச் சரிபார்க்க வேண்டும் என்றான்.

நீலி கதையில் வருகிற எழுபது வேளாளர்களும் தீயில் இறங்கியதாகச் சொல்லப்படும் இடத்தில் நினைவு மண்டபம் இருக்கிறது. எதிரே சாட்சி பூதேஸ்வரர். நான் நாலு பக்கத்துக்குக் குறிப்பெடுத்துக்கொண்டு போயிருந்தேன். சம்பந்தர் ஏழாம் நூற்றாண்டிலேயே தேவாரத்தில் இதைத் தொட்டிருக்கிறார், 'வஞ்சப்படுத்து ஒருத்தி வாழ்நாள் கொள்ளும் வகை' என்று. செல்போன் வெளிச்சத்தில் அதிலிருந்து ஆரம்பித்தேன். இரண்டாவது நிமிடமே யாரோ புளிசாதப் பொட்டலத்தைப் பிரிக்கிற சத்தம் கேட்டது. பயிற்சி வகுப்புகளில் எனக்குப் பழகிய சத்தம்தான்.

பெரியம்மா என் கையிலிருந்த தாளை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். "நான் செப்புறேன்" என்று ஆரம்பித்தார். கதைக்குப் பல வடிவம் உண்டு, அவர் சொன்னது இது. பெண்டாட்டியைக் கொன்றவன் மறுபிறவியில் வியாபாரியாகி இந்த வழியாக வருகிறான். கையில் மந்திர வாள், அதனால் செத்துப் பேயான அந்தப் பெண்டாட்டி, நீலி, கிட்டே வர முடியாது. அவள் கள்ளிக்கொம்பை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஊர்ச் சபைக்கு முன்னால் போய் நிற்கிறாள். 'என் புருஷன் என்னை விட்டு ஓடுகிறான், சேர்த்து வையுங்கள்.' குழந்தையை இறக்கி விடுகிறார்கள், அது நேரே அவனிடம் போய் ஒட்டிக்கொள்கிறது. அவன் இவள் பேய், என்னைக் கொன்றுவிடுவாள் என்று கதறுகிறான். வாள் அவன் கையில் இருந்தால் எனக்கு பயம் என்கிறாள் அவள். எழுபது பேரும் வாளை வாங்கி வைத்துக்கொண்டு, 'உன் உயிருக்கு ஒன்று ஆனால் எங்கள் எழுபது உயிரும் பொறுப்பு' என்று வாக்குக் கொடுத்து, இரண்டு பேரையும் ஒரு வீட்டில் விட்டுக் கதவைச் சாத்துகிறார்கள். காலையில் அவன் செத்துக் கிடக்கிறான். சொன்ன சொல்லுக்கு எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. தூரத்தில் அரக்கோணம் பக்கம் ரயில் போகிற சத்தம்.

"எழுபது பேருமா அவ சொன்னத நம்பிட்டாங்க?" என்றார் தையல்காரக்கா.

"நம்பிட்டாங்க."

"பரவால்லையே."

அவர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. இருட்டில் யார் யாரைப் பார்க்கிறார்கள் என்றும் தெரியாது. எனக்குக் காது சுட்டது. பெண்டாட்டியைக் கொன்றவனை வைத்து ஒரு சொலவடை இல்லை, அவள் விட்ட கண்ணீருக்குத்தான் பெயர் வைத்து ஆயிரம் வருடத்துக்கு மேலாக வைத்திருக்கிறோம். அதையே நானும் எடுத்து, மெஷினைப் பறிகொடுத்தவள் மேல் போட்டேன். அங்கேயே வாய்விட்டுச் சொன்னேன். "அக்கா, அன்னிக்கு மீட்டிங்ல நான் சொன்னது..."

"கேட்டுச்சு மேடம்," என்றார். அவ்வளவுதான். புளிசாதம் ஒரு கை எடுத்து என் தட்டில் வைத்தார்.

இட்லிக்கடை அக்காவுக்கு இந்த மாதிரி அமைதி ஆகாது. "இவனுங்கதான் முதல் குழு போலருக்கே! ஒருத்தனுக்கு எழுபது பேரு ஜாமீன். தவணையும் பாக்கி இல்லாம கட்டிட்டானுங்க." எல்லோரும் சிரித்தோம். எங்கள் தொழிலின் அடிப்படையே அதுதான். 1992இல் ஊரக வளர்ச்சிக்கான தேசிய வங்கியான நபார்டு 500 குழுக்களோடு தொடங்கிய வங்கி இணைப்புத் திட்டத்தில் அடமானம் கிடையாது. ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் பொறுப்பு. அதை இத்தனை வருடம் கரும்பலகையில் படம் போட்டுச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், இவ்வளவு சுருக்கமாகச் சொல்ல வந்ததில்லை.

பெரியம்மா தன் பங்குக்கு ஒன்று சொன்னார். ஆந்திராப் பக்கம் ஒரு காலத்தில் ராத்திரியில் ஒரு பெண் தெய்யம், அதாவது பேய், கதவைத் தட்டுகிறது என்று ஊர் ஊராகப் பயம் பரவியது. வீட்டுக் கதவில் 'ஓ ஸ்த்ரீ ரேபு ரா' என்று எழுதிவைத்தார்கள். பெண்ணே, நாளைக்கு வா. தெய்யம் படித்துவிட்டுத் திரும்பிப் போகும், மறுநாள் வந்தால் மறுபடியும் அதையே படிக்கும்.

"அய்ய, இது நம்ம பேங்க்கு!" என்றது யாரோ.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் பாதையில் ஒரு டிவிஎஸ் வண்டி வந்தது. மும்முனைக் கரன்ட் வருகிற நேரம், யாரோ மோட்டார் போடக் கொல்லைக்குப் போகிறார் போலிருக்கிறது. விளக்கு எங்கள் மேல் விழுந்தது. இருட்டில் வட்டமாக உட்கார்ந்து சிரிக்கிற 13 பெண்கள், நடுவில் தலை நரைத்த கிழவி. வண்டி ஒரு நொடி நின்றது. அப்புறம் வந்த வழியே திரும்பிப் போன வேகத்தை அந்த வண்டியில் நான் அதுவரை பார்த்ததில்லை. ஒரு செருப்பு மட்டும் பாதையில் கிடந்தது. "அண்ணே, செருப்பு!" என்று சென்னைப் பெண் பின்னாலேயே கொஞ்ச தூரம் ஓடினாள். அது இன்னும் மோசமாகப் போய்விட்டது.

வீடு திரும்ப 11 மணி ஆயிற்று. வழியெல்லாம் ஆளாளுக்குப் போன், 'எங்கே இருக்கே' என்று. இட்லிக்கடை அக்காவுக்கு நாலு மணிக்கு அடுப்புப் பற்ற வைக்க வேண்டும், இறங்கியதும் மாவு பொங்கியிருக்குமா என்று ஓடினார்.

அடுத்த வாரம் கடன் புதுப்பிப்புக்காகக் குழுவை நடத்துகிற ஊக்குநரும் இரண்டு பிரதிநிதிகளும் நானும் வங்கிக்குப் போனோம். முத்திரை வாங்க வரிசையில் முக்கால் மணி நேரம். எங்கள் முறை வந்தபோது கவுன்டரில் இருந்தவர் தலை நிமிராமல் சொன்னார், "சிஸ்டம் இல்லம்மா, நாளைக்கு வாங்க."

ஊக்குநர் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். பிரதிநிதி ஒருத்தி சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டாள். நான்தான் முதலில் வாய்விட்டுச் சிரித்தேன். அவர் நிமிர்ந்து எங்களைப் பார்த்தார், அப்புறம் குனிந்து தன் சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துக்கொண்டார்.