ஆன்டிபாடிக்கு ஏன் பத்து நாள் ஆகிறது?

ஒரு கிருமி முதன்முறையாக உடம்புக்குள் நுழைந்தால், அதைப் பற்றிக்கொள்ளும் புரதமான ஆன்டிபாடி ரத்தத்தில் தென்பட ஐந்து முதல் ஏழு நாள் ஆகும். இறுக்கிப் பிடிக்கும் தரமான ஆன்டிபாடி சேர பத்து, பதினான்கு நாள்கூட ஆகலாம். அதே கிருமி மறுபடி வந்தால் மூன்று, நான்கு நாளிலேயே அளவு ஏறத் தொடங்கிவிடும். இந்த நாள் கணக்கின் காரணம் தெரிந்தால் தடுப்பூசி இடைவெளியும் ரத்தப் பரிசோதனை முடிவுகளும் பாதிக்குமேல் விளங்கிவிடும்.

கிருமியைப் பார்த்து அதற்கேற்ற ஆன்டிபாடியை உடம்பு வடிவமைக்கிறது என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். அது தவறு. கிருமி வருவதற்கு முன்பே பொருத்தமான பி செல், அதாவது ஆன்டிபாடியைச் செய்யும் வெள்ளை அணு, உள்ளே இருக்கிறது. எலும்பு மஜ்ஜையில் பி செல் உருவாகும்போது வி (V), டி (D), ஜே (J) என்ற மூன்று வகை மரபணுத் துண்டுகளில் ஒவ்வொன்றைத் தற்செயலாக எடுத்து ஒட்டிக்கொள்கிறது. ஆன்டிபாடி கனமானது, இலேசானது என இரு வகைப் புரதச் சங்கிலிகளால் ஆனது. கனச் சங்கிலிக்கு வி துண்டுகளில் பயன்படக்கூடியவை சுமார் 40, டி 23, ஜே 6. இதுவே ஐயாயிரத்துக்கு மேற்பட்ட சேர்க்கை. ஒட்டும் இடங்களில் சில மரபணு எழுத்துகள் கூடியும் குறைந்தும் போகும். இலேசான சங்கிலியும் ஏறக்குறைய இதே முறையில் தனியாக உருவாகிச் சேரும். கடைசியில் வகைகள் கோடிக்கணக்கில் பெருகிவிடுகின்றன. மரபணுக்கள் இப்படி வெட்டி ஒட்டப்படுகின்றன என்பதை 1976-இல் காட்டிய சுசுமு டோனெகாவாவுக்கு 1987-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இத்தனை வகை இருப்பதால்தான் தாமதம். ஒரு குறிப்பிட்ட கிருமிக்குப் பொருந்தும் பி செல்கள் மிகச் சிலவே. கிருமியின் துணுக்குகள் நிணநீர் வழியாக நிணநீர் முடிச்சுக்கு வந்து சேர வேண்டும், அந்தச் சில செல்களின் கண்ணில் பட வேண்டும், அவை பிரிந்து பிரிந்து ஆயிரக்கணக்கில் பெருக வேண்டும். காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டுகிறதே, அந்த வீக்கத்தில் இந்தப் பெருக்கத்துக்கும் பங்குண்டு.

பொருந்திய பி செல் உடனே முழு வேகத்தில் வேலை செய்துவிடாது. தான் பிடித்ததை விழுங்கி, அதிலுள்ள புரதத்தைத் துண்டாக்கித் தன் மேற்பரப்பில் காட்டும். அதை ஏற்கெனவே அடையாளம் கண்ட ஒரு டி செல் (T cell, இன்னொரு வகை வெள்ளை அணு) வந்து ஒப்புதல் தர வேண்டும். சில பாக்டீரியாக்களின் மேலுறை வெறும் சர்க்கரைச் சங்கிலி. அதில் காட்டப் புரதம் இல்லை. ஆகவே டி செல்லின் உதவியும் இல்லை. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு வெறும் சர்க்கரை உறையால் செய்த தடுப்பூசி சரியாக வேலை செய்யாததற்கு இது முக்கியக் காரணம். அந்தச் சர்க்கரையை ஒரு புரதத்தோடு வேதிப் பிணைப்பால் கோத்துக் கொடுத்தால் சிக்கல் தீர்கிறது. ஹிப் (Hib) என்ற பாக்டீரியாவுக்கு எதிரான தடுப்பூசி இந்த வகைதான். நோயெதிர்ப்பு அறிவியலில் இதைவிட அழகான தீர்வு எனக்குத் தெரியாது.

முதலில் வெளிவருவது பெரும்பாலும் ஐஜிஎம் (IgM) என்ற ஆன்டிபாடி வகை. ஒய் வடிவ அலகுகள் ஐந்து சேர்ந்தது, ஆக மொத்தம் பத்துக் கைகள். ஒவ்வொரு கையின் பிடியும் தளர்வுதான். பத்தும் சேர்ந்து பற்றுவதால் சமாளிக்கிறது. இதற்கிடையே நிணநீர் முடிச்சுக்குள் பி செல்கள் திரண்டு பெருகும் முளை மையம் என்ற பகுதியில் பிடியைத் திருத்தும் வேலை நடக்கிறது. பி செல்கள் தம் ஆன்டிபாடி மரபணுவில் மட்டும் வழக்கத்தைவிடச் சுமார் பத்து லட்சம் மடங்கு வேகத்தில் பிழைகளைப் புகுத்துகின்றன. பெரும்பாலான பிழைகளால் பிடி கெடும். அந்தச் செல்கள் சாகும். பிடி இறுகிய செல்லுக்கு ஆன்டிஜென், அதாவது பற்ற வேண்டிய கிருமித் துணுக்கு, அதிகம் கிடைக்கும், டி செல்லின் ஆதரவும் கிடைக்கும், அது மீண்டும் பிரியும். இந்தச் சுற்று வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் நடக்கும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை 0, 1, 6 மாதங்களில் போடும்போது கடைசி இடைவெளி நீளமாக இருப்பது இதற்காகவே: திருத்தி முடித்து, அடுத்த முறைக்காகத் தங்கியிருக்கும் நினைவு செல்களை மூன்றாவது ஊசி தட்டி எழுப்புகிறது. அவசரப்பட்டு முன்கூட்டியே போடுவதுதான் தவறு. தேதி தள்ளிப்போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

ஆன்டிபாடி நேரடியாகக் கொல்வது அரிது. வைரஸ் செல்லைப் பற்றும் இடத்தை அடைத்துக்கொள்ளும், அல்லது தன் வால் பகுதியைக் காட்டி கிருமியை விழுங்கும் செல்களையும், ரத்தத்தில் உள்ள காம்ப்ளிமென்ட் என்ற தற்காப்புப் புரதங்களையும் அழைக்கும்.

பரிசோதனைக்கு வருவோம். டெங்குக் காய்ச்சல் தொடங்கிய இரண்டாம் நாளில் ஐஜிஎம் பார்த்தால் பெரும்பாலும் நெகட்டிவ்தான் வரும். நோய் இல்லை என்பது அதற்குப் பொருளல்ல. அந்த நாட்களில் வைரஸின் என்எஸ்1 புரதத்தைத் தேட வேண்டும். ஐந்தாம் நாளுக்குப் பிறகே ஐஜிஎம் நம்பத் தகுந்ததாகும். நேர்மாறான சிக்கலும் உண்டு. துகள்கள் திரள்வதைப் பார்க்கும் சோதனைகளில் ஆன்டிபாடி அளவுக்கு மீறி இருந்தால், ஒவ்வொரு துகளையும் தனித்தனி ஆன்டிபாடிகளே மூடிவிடும். இரண்டு துகள்களை இணைக்க இடம் மிஞ்சாது, முடிவு பொய்யாக நெகட்டிவ் வரும். சீரத்தை (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீரை) நீர்த்துப்போகச் செய்து மீண்டும் பார்த்தால் உண்மை வெளிப்படும்.

இந்தப் பத்து நாள் தாமதம் உயிரையே பறிக்கக்கூடிய இடம் ரேபிஸ் என்ற வெறிநாய்க்கடி நோய். வைரஸ் நரம்புக்குள் நுழைந்துவிட்டால் ஆன்டிபாடியால் அதை எட்டுவது கடினம். தடுப்பூசி போட்டாலும் சொந்த ஆன்டிபாடி வர ஏழு முதல் பதினான்கு நாள் ஆகும். அந்த இடைவெளியை நிரப்பத்தான் தயார்நிலை ஆன்டிபாடியான இம்யூனோகுளோபுலின். காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிய பிறகு, அதைக் காயத்துக்குள்ளும் சுற்றிலும் செலுத்த வேண்டும். உச்ச அளவு மனித வகையென்றால் உடல் எடை கிலோவுக்கு 20 அலகு, குதிரை வகையென்றால் 40. தடுப்பூசி போட்ட அதே இடத்தில் இதைப் போடக் கூடாது. முதல் தடுப்பூசி போட்டு ஏழு நாள் கடந்துவிட்டால் இதைத் தருவதில்லை. அதற்குள் உடம்பு சொந்தமாகச் செய்யத் தொடங்கியிருக்கும், வெளியிலிருந்து வருவது அதை மட்டுப்படுத்தக்கூடும். ஏற்கெனவே முழுத் தடுப்பூசி பெற்றவரைக் கடித்தால் பொதுவாக இம்யூனோகுளோபுலினே தேவையில்லை. 0, 3 ஆகிய இரண்டு நாட்களில் ஊசி போட்டால் போதும், நினைவு செல்கள் சில நாட்களிலேயே ஆன்டிபாடியைக் கொட்டத் தொடங்கிவிடும்.