1947 பாரிஸ் உடன்படிக்கைகள்: 4-3-2 கணக்கைப் பிடித்துப் படியுங்கள்

வரலாற்றை விருப்பப் பாடமாக எடுப்பவர்கள் முதல் உலகப் போரை முடித்த வெர்சாய் உடன்படிக்கையை வரிவரியாகப் படித்துவிட்டு, இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஏற்பாட்டை 1945இன் யால்டா, பாட்ஸ்டாம் மாநாடுகள், அடுத்து பனிப்போர் என்று தாவிவிடுகிறார்கள். இத்தாலி, ருமேனியா, பல்கேரியா, ஹங்கேரி, ஃபின்லாந்து ஆகியவற்றுடன் சமாதான உடன்படிக்கை செய்ய 1945 செப்டம்பரிலிருந்து 1947 பிப்ரவரி வரை நடந்த பேரம் விட்டுப்போகிறது. "சமாதான உடன்படிக்கைகளில் நேச நாடுகளின் முரண்பாடுகளை ஆராய்க" என்று கேள்வி வந்தால், விடைத்தாளில் ட்ரூமன் கோட்பாடுதான் (கம்யூனிசப் பரவலைத் தடுக்கும் அமெரிக்கக் கொள்கை) நிரம்புகிறது. அது 1947 மார்ச்சில் வந்தது. உடன்படிக்கைகள் கையெழுத்தானது அதற்கு முந்தைய மாதம், பிப்ரவரி 10 அன்று.

முதலில் யார் எந்த மேசையில் உட்கார்ந்தார்கள் என்று பாருங்கள். பாட்ஸ்டாம் மாநாடு ஐந்து நாட்டு வெளியுறவு அமைச்சர்கள் குழுவை அமைத்தது. ஆனால் சரணடைவு விதிகளில் கையெழுத்திட்ட நாடுகளே அந்தந்த உடன்படிக்கையை வரைய வேண்டும் என்றது. இத்தாலிக்கு மட்டும் பிரான்சுக்கும் இடம் தந்தது. ஆக இத்தாலிக்கு அமெரிக்கா, பிரிட்டன், சோவியத், பிரான்ஸ் என 4 பேர், ருமேனியா, பல்கேரியா, ஹங்கேரிக்கு பிரான்ஸ் தவிர்த்த 3 பேர், ஃபின்லாந்துக்கு பிரிட்டனும் சோவியத்தும் மட்டும். இதுதான் 4-3-2.

1945 செப்டம்பர் லண்டன் கூட்டம் உடைந்தது இதில்தான். தொடக்கத்தில் ஐவரும் எல்லா விவாதத்திலும் உட்காரலாம் என்று ஒப்புக்கொண்ட சோவியத் வெளியுறவு அமைச்சர் மோலோடோவ், பாதியில் பிரான்சையும் சீனாவையும் பால்கன் விவாதத்திலிருந்து விலக்கச் சொன்னார். வெறும் நடைமுறைத் தகராறு என்று எழுதினால் மதிப்பெண் போய்விடும். ருமேனியா, பல்கேரியா அரசுகளை அமெரிக்கா அங்கீகரிக்க மறுத்த கோபம் அதற்குப் பின்னால் இருந்தது. டிசம்பரில் மாஸ்கோவில் மூவர் கூடி 4-3-2ஐயே உறுதிசெய்தார்கள். 1946 ஜூலை 29 முதல் அக்டோபர் 15 வரை பாரிஸில் 21 நாடுகள் கூடின. இந்தியாவும் அதில் ஒன்று. ஆனால் அந்த மாநாட்டுக்குப் பரிந்துரைக்கும் உரிமை மட்டுமே. இறுதி வடிவம் நியூயார்க்கில் பெரிய நாடுகளின் கூட்டத்தில் முடிந்தது.

விரிவாக எழுத ஒரே ஓர் எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் துறைமுக நகரமான ட்ரியெஸ்ட்தான். இத்தாலி–யூகோஸ்லாவியா எல்லையை ஆராய நால்வரின் நிபுணர்களும் ஒன்றாகப் போய், நான்கு தனித்தனிக் கோடுகளுடன் திரும்பினார்கள். பிரெஞ்சுக் கோடு ஏற்கப்பட்டது. ட்ரியெஸ்ட் 'சுதந்திரப் பிரதேசம்' ஆனது. அதற்கு ஆளுநரை நியமிக்க வேண்டியது பாதுகாப்புச் சபை. கடைசிவரை ஆளுநரே வரவில்லை. 1954இல் அந்தப் பிரதேசத்தின் ஏ மண்டலம் இத்தாலியின் நிர்வாகத்துக்கும், பி மண்டலம் யூகோஸ்லாவியாவின் நிர்வாகத்துக்கும் போயின. சமரசம் காகிதத்தில் எப்படி எழுதப்பட்டது, நடைமுறையில் எங்கே நின்றது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது.

போர் இழப்பீட்டில் இத்தாலியின் கணக்கை மனப்பாடம் செய்யுங்கள்: அது தர வேண்டியது மொத்தம் 36 கோடி டாலர். யூகோஸ்லாவியாவுக்கு 12.5, கிரீஸுக்கு 10.5, சோவியத்துக்கு 10, எத்தியோப்பியாவுக்கு 2.5, அல்பேனியாவுக்கு 0.5. கூட்டிப் பார்த்தால் சரியாக வரும். வராவிட்டால் ஏதோ ஒரு எண்ணை மாற்றிப் படித்திருக்கிறீர்கள். ஃபின்லாந்து தர வேண்டியது 30 கோடி, முழுதும் சோவியத்துக்கு. ஹங்கேரி தர வேண்டியதும் 30 கோடிதான், ஆனால் அதில் 20 மட்டுமே சோவியத்துக்கு. இந்த இரண்டையும்தான் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். ஃபின்லாந்து உடன்படிக்கையில் அமெரிக்காவைச் சேர்ப்பது இன்னொரு வழக்கமான தவறு. அவர்களுக்குள் போரே அறிவிக்கப்படவில்லை.

ஜெர்மனியையும் ஆஸ்திரியாவையும் இந்தப் பட்டியலில் நுழைக்காதீர்கள். 1947இல் மாஸ்கோவிலும் லண்டனிலும் பேச்சு முறிந்தது. ஆஸ்திரியாவுக்கு 1955 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஜெர்மனிக்கு இறுதித் தீர்வு 1990இல்தான்.

ஜப்பான் தனிக் கதை. அதனுடனான சமாதான உடன்படிக்கை கையெழுத்தானது 1951 செப்டம்பர் 8, சான் பிரான்சிஸ்கோவில். சோவியத் வந்தும் கையெழுத்திடவில்லை. சீனாவுக்கு அழைப்பே இல்லை. இந்தியா போகாமல் 1952 ஜூன் 9 அன்று தனியாக ஒப்பந்தம் செய்தது. இழப்பீடு வேண்டாம் என்று அங்கே வாதிட்ட இலங்கையின் ஜே.ஆர். ஜெயவர்த்தனாவை ஒரு வரியில் சேர்க்கலாம். கேள்வியில் 'ஐரோப்பா' என்று இருந்தால் இந்தப் பத்தியையே தொடாதீர்கள். 150 சொல் விடையில் அந்த இடத்தை ட்ரியெஸ்டுக்குக் கொடுங்கள்.