ஹீட்டர் இல்லாத வண்டியில் ஒரு மார்கழி இரவு

"நம்ம ஊர்ல எவன் சார் ஹீட்டர் போடுறான்?" என்று மெக்கானிக் கேட்டபோது எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. நீடாமங்கலத்தில் மருந்துக்கடை வைத்திருப்பவனுக்கு ஹீட்டர் எதற்கு? வருஷத்தில் பத்து மாதம் ஏசிக்கே வண்டி மூச்சு வாங்குகிறது.

நடந்தது இதுதான். என்னுடையது 2010 மாடல் டீசல் கார், இரண்டாம் கையாக வாங்கியது. இடது பக்க முன்சீட்டில், கால் வைக்கும் இடத்துக் கார்ப்பெட் ஈரமாகவே இருந்தது. பாகு மாதிரி ஒரு தித்திப்பு வாசனை. முன்கண்ணாடியின் உள்பக்கம் எண்ணெய்க் கையால் தடவியதுபோல் ஒரு படலம். ஹீட்டர் காயில் ஒழுகுகிறது, அதில் ஓடும் கூலன்ட், அதாவது எஞ்சினைக் குளிரவைக்கும் தண்ணீர்தான் கார்ப்பெட்டில் இறங்குகிறது என்றார் மெக்கானிக். புதுசு மாட்ட டேஷ்போர்டு முழுவதையும் இறக்க வேண்டும், இரண்டு நாள் வேலை. அதற்குப் பதிலாக உள்ளே போகும் ஹோஸையும் வெளியே வரும் ஹோஸையும் நேராக இணைத்துவிட்டால் அரை மணி நேரத்தில் முடிந்தது. சரி என்றேன். அவர் மேல் பழி போட மாட்டேன், தலையாட்டியது நான்.

இது நடந்தது வைகாசியில். மார்கழி வரை நினைவே இல்லை.

மார்கழியில் அக்காவும் அத்தானும் பையனோடு சிங்கப்பூரிலிருந்து வந்தார்கள். திருச்சி விமான நிலையத்துக்கு ராத்திரி விமானம். அழைத்துவர நான் கிளம்ப, "நானும் வர்றேன்டா, பிள்ளையைப் பார்த்து ரெண்டு வருஷமாச்சு" என்று அத்தையும் ஏறிக்கொண்டார். திரும்பும்போது வண்டியில் ஐந்து பேர், டிக்கி நிறைய பெட்டி, மணி இரண்டரை. துவாக்குடி, செங்கிப்பட்டி வரை ஒன்றும் தெரியவில்லை. தஞ்சாவூர் தாண்டிச் சாலியமங்கலம் வந்ததும் பனி பிடித்துக்கொண்டது.

டெல்டாப் பனியைப் பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறிய வயல், அதில் சம்பாவும் தாளடியும் தண்ணீரோடு நிற்கும். மழை விட்டு வானம் வெளுத்து, காற்றும் அசையாத ராத்திரியில் தரை சூட்டையெல்லாம் மேலே விட்டுவிடும். தரையோடு ஒட்டிய ஈரக்காற்று குளிர்ந்து அப்படியே புகையாக நின்றுவிடும். வெளியே இருபது, இருபத்தொரு டிகிரிதான் இருக்கும். ஊட்டிக்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் அந்தக் காற்றால் இன்னும் ஒரு சொட்டுத் தண்ணீரைக்கூடத் தாங்க முடியாது. வண்டிக்குள்ளே ஐந்து பேர் விடும் மூச்சோ உடம்புச் சூட்டில் நனைந்து வருகிறது. அது போய் உட்கார ஒரு குளிர்ந்த இடம் வேண்டும்; கண்ணாடியைவிட வசதியான இடம் ஏது?

முன்கண்ணாடி பால் ஊற்றியதுபோல் ஆனது. அத்தான் துண்டால் துடைத்தார். துடைத்த கை கீழே வருவதற்குள் மறுபடி மூடியது. ஏசியைப் போட்டுக் காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பினேன். ஒரு நிமிஷத்தில் உள்பக்கம் பளிச். "இவ்வளவுதானே" என்றேன். கூடவே பின்சீட்டிலிருந்து அக்கா, "டேய், பிள்ளை நடுங்குறான்." ஏசியை அணைத்தேன். அரை நிமிஷம்கூட ஆகவில்லை, முன்னைவிட மோசமாக மூடியது. இதன் காரணம் பிறகுதான் புரிந்தது. ஏசி ஓடும்போது காற்றிலுள்ள ஈரமெல்லாம் குளிர்ந்த காயிலில் தண்ணீராகப் படிந்து குழாய் வழியே கீழே சொட்டுகிறது. ஏசியை அணைத்துவிட்டு ப்ளோயரை மட்டும் ஓடவிட்டால் காயிலில் மிச்சமிருக்கும் ஈரத்தை அதே காற்று அள்ளிவந்து நேராகக் கண்ணாடியிலேயே அடிக்கிறது.

மறுபடி ஏசி. இந்த முறை கண்ணாடியின் வெளிப்பக்கம் மூடியது. ஏசிக் காற்று பட்டுக் கண்ணாடி சில்லிட்டுப்போனதால் வெளிக்காற்றின் ஈரம் அதில் வந்து படிகிறது. விரலால் உள்ளே தேய்த்துப் பார்த்து அழியவில்லை என்றால் வெளியே என்று அர்த்தம். அதற்கு வைப்பர் போதும். பின்கண்ணாடியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அதில் ஒட்டிய பழுப்புக் கோடுகள் கரண்டில் சூடாகிப் பனியைப் போக்க வேண்டியவை. 2012இல் கறுப்பு பிலிம் கூடாதென்று உச்ச நீதிமன்றம் சொன்னபோது, பழைய சொந்தக்காரர் பிலிமை உரித்த வேகத்தில் மூன்று கோடுகள் அதோடு போய்விட்டன. எனவே பின்னால் கோடு கோடாகத் தெரியும், நடுவில் தெரியாது.

ஏசி போட்டால் ஆள் நடுங்குகிறான், அணைத்தால் சாலை தெரியவில்லை. இரண்டுக்கும் நடுவே ஒன்று இருந்திருக்க வேண்டும். அதைத்தான் வைகாசியில் ஹோஸைச் சேர்த்துக் கட்டிக் கொன்றிருந்தேன்.

அம்மாபேட்டைக்கு அப்பால் ஒரு டீக்கடை திறந்திருந்தது. அங்கே நின்ற லாரிக்காரர் என் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, மடியிலிருந்து கொஞ்சம் புகையிலையை எடுத்து நனைத்து வெளிப்பக்கம் தேய்த்துவிட்டார். தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் படலமாக வழிந்தது உண்மைதான். "உள்ள தேய்க்காதீங்க, நாறும். ரெண்டு பக்கமும் ஜன்னலை ரெண்டு விரக்கடை இறக்கி விட்டுப் போங்க" என்றார். அப்படியே போனோம். கோயில்வெண்ணி வரும்போது பனி இன்னும் இறுகி, வண்டியை ஓரங்கட்டி நாலு இண்டிகேட்டரையும் போட்டுவிட்டு அரை மணி நேரம் நின்றோம். கரிகாலன் சேரனையும் பாண்டியனையும் சேர்த்து விரட்டிய வெண்ணி இதுதான் என்று பையனிடம் சொன்னேன். "மாமா, குளிருது" என்றான். அத்தை தன் பங்குக்கு, "இது மார்கழிதான். தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்னு சொல்வாங்க" என்று ஆரம்பித்தார். ஒன்றரை மணி நேரத்தில் வர வேண்டிய வீட்டுக்கு மூன்றே கால் மணி நேரம் ஆனது. பையனுக்கு மூன்று நாள் சளி. மருந்து நம் கடையில் இருந்தது, அது வேறு விஷயம்.

பொங்கல் முடிந்ததும் வேறொரு மெக்கானிக்கிடம் டேஷ்போர்டை இறக்கி ஹீட்டர் காயில் புதிதாக மாட்டினேன். காயில் விலையைவிடக் கூலி அதிகம். டேஷ்போர்டில் எங்கேயோ ஒரு கிளிப் சரியாக உட்காராமல், பள்ளத்தில் இறங்கினால் இன்றும் 'டக் டக்' என்கிறது. அவர் இன்னொன்றையும் காட்டினார்: எஞ்சினில் தெர்மோஸ்டாட்டே இல்லை. எஞ்சின் சூடேறும்வரை அந்தத் தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் நிறுத்திவைக்கும் வால்வு அது. வண்டி சூடேறக் கூடாதென்று எவரோ எப்போதோ கழற்றி எறிந்திருக்கிறார்கள். நம் பக்கத்தில் அது ஒரு பழக்கம். ஹீட்டருக்குச் சூடு எஞ்சின் தண்ணீரிலிருந்துதான் வருகிறது. தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் குளிர்கால ராத்திரியில் அந்தத் தண்ணீர் கொதிகொதி என்று ஏறவே ஏறாது. டீசல் எஞ்சின் வேறு, சூடேறுவதில் எப்போதும் சோம்பேறி. அதையும் மாட்டச் சொன்னேன்.

இந்த மார்கழியில் விடியற்காலை ஐந்து மணிக்கு வாசலில் வண்டியை நிறுத்திச் சோதித்துப் பார்த்தேன். மனைவி, மகள், அத்தை மூவரையும் உள்ளே உட்காரவைத்துப் பேசச் சொன்னேன். அத்தைக்கு அதைச் சொல்ல வேண்டியதே இல்லை. நாலு நிமிஷத்தில் கண்ணாடி மூடியது. உள்காற்றே சுற்றும்படி வைத்து ஹீட்டரை மட்டும் போட்டால் வேக்காடுதான். உள்ளேயுள்ள ஈரம் உள்ளேயே சுற்றுகிறது. வெளிக்காற்றுக்கு மாற்றி ஹீட்டர் போட்டால் தெளிகிறது, ஆனால் எஞ்சின் சூடேற ஆறேழு நிமிஷம் காத்திருக்க வேண்டும். வெளியே பனியாக நிற்கும் காற்றை உள்ளே விட்டால் எப்படித் தெளியும் என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. கணக்கு போட்டால் சரியாக வருகிறது: இருபத்தொரு டிகிரியில் ஈரம் நிறைந்த காற்றை நாற்பது டிகிரிக்குச் சூடாக்கினால், அதனால் தாங்க முடிந்த ஈரத்தில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டித்தான் அதில் இருக்கும். மீதி இடத்துக்குக் கண்ணாடியிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும்.

எல்லாவற்றையும்விட நன்றாக வேலை செய்தது, பார்த்தால் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும் முறைதான்: வெளிக்காற்று, ஏசி ஆன், சூட்டு நாப் முக்கால்வாசி சிவப்பில், காற்று கண்ணாடிக்கு. ஏசி காற்றைப் பிழிந்து காயவைக்கிறது, ஹீட்டர் அதைச் சூடாக்கி அனுப்புகிறது. எஞ்சின் சூடேறும்வரை முதல் சில நிமிஷம் குளிரத்தான் குளிரும். அதற்குப் பிறகு யாரும் நடுங்கவில்லை, கண்ணாடியும் மறுபடி மூடவில்லை. இப்போது வரும் பல வண்டிகளில் முன்கண்ணாடிப் பட்டனை அழுத்தினாலே ஏசியும் வெளிக்காற்றும் தானாக வந்துவிடுகின்றன. என் வண்டியில் மூன்றையும் நான்தான் திருப்ப வேண்டும். கடைப் பக்கத்து நண்பரின் எலக்ட்ரிக் கார் இதில் என் வண்டியை அசிங்கப்படுத்திவிட்டது. எஞ்சினுக்காகக் காத்திருக்காமல் போட்டதும் சூடு வருகிறது. சூட்டுக்குப் பேட்டரியிலிருந்து போகும் கரண்டைப் பார்த்து அவர் முகம் வாடுவது தனிக்கதை.

அத்தானின் தம்பி டொரான்டோவில் இருக்கிறார். போனில் இதையெல்லாம் சொன்னபோது சிரித்தார். அவருக்குக் கண்ணாடிமேல் படிவது ஐஸ். வண்டியை ஓடவிட்டுப் பத்து நிமிஷம் சூடான காற்றை அடித்து, பிளாஸ்டிக் சுரண்டியால் சுரண்டிவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவாராம். அவசரத்தில் வெந்நீர் ஊற்றியவர்களின் கண்ணாடி விரிசல் விட்ட கதையும் சொன்னார். எனக்கு ஐஸ் இல்லை, வெறும் மூச்சுக்காற்றுதான். ஆனாலும் கோயில்வெண்ணியில் நின்ற அரை மணி நேரத்தை அவருக்கு எப்படி விளக்குவது என்று தெரியவில்லை.

போன வாரம் அத்தையைக் கும்பகோணம் கூட்டிப்போய் விடியற்காலையில் திரும்பினோம். நல்ல பனி. முழு வழியும் ஏசியும் ஹீட்டருமாக வந்தேன். அத்தை வழியில் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும் இறங்கி அடியில் குனிந்து பார்த்தார்.

"டேய், தண்ணி ஒழுகுது."

"ஏசித் தண்ணி அத்தை. கண்ணாடியில படிய வேண்டிய பனிதான் அப்படி இறங்குது."

"எதுவா இருந்தா என்ன, உன் பொண்டாட்டி போட்ட கோலத்துல இல்ல சொட்டுது. வண்டியை அந்தாண்ட தள்ளி நிறுத்து."