ஸ்கோப் எந்தப் பக்கம் நகரும்?

ரைஃபிள் ஸ்கோப்பைப் பிடிக்கும் இரண்டு ரிங்குகளுக்கும் நடுவே 13 செ.மீ. இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். பின் ரிங் மட்டும், துப்பாக்கியின் மேலுள்ள ரெயில் என்ற உலோகப் பட்டையில், 0.1 மி.மீ. பக்கவாட்டில் விலகினால், 100 மீட்டர் தூரத்தில் குண்டு ஏறக்குறைய 77 மி.மீ. தள்ளி விழும். 0.1 மி.மீ. என்பது ஒரு ஜெராக்ஸ் தாளின் தடிமன். இவ்வளவு சின்ன அசைவு கண்ணுக்கும் தெரியாது, கையால் ஆட்டிப் பார்த்தாலும் தட்டுப்படாது. ஒலிம்பிக் பாணி 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் ஸ்கோப்புக்கு அனுமதி இல்லை, சிறு துளை வழியே பார்க்கும் டயாப்டர் சைட்தான். அங்கேயும் இதே கணக்குதான். பின் சைட்டுக்கும் முன் சைட்டுக்கும் நடுவே 70 செ.மீ. இருந்தால், பின்னால் 0.1 மி.மீ. விலகினாலே இலக்கில் 1.4 மி.மீ. தவறும். அந்த இலக்கில் பத்துப் புள்ளிக்கான வட்டத்தின் விட்டமே 0.5 மி.மீ.தான்.

அதனால்தான் எதை மாட்டினாலும் "நல்லா டைட்டா இருக்கா?" என்று மட்டும் கேட்பது போதாது. சுடும்போது இது எந்தத் திசையில் நகரப் பார்க்கும், அந்தத் திசையில் இதைத் தடுக்க உலோகம் எதுவும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உதையின் முதல் அடியைத் தாங்க வேண்டியது அந்தத் தடுப்பு. ஸ்க்ரூவின் வேலை மவுண்டை, அதாவது ஸ்கோப்பை ரெயிலில் பிடிக்கும் பாகத்தை, தடுப்போடு சேர்த்துப் பிடித்து வைப்பது.

வேலை தொடங்குமுன் மேகசினைக் கழற்றி, தோட்டா உட்காரும் சேம்பரைக் கண்ணாலும் விரலாலும் சோதித்து, அதை மூடும் போல்ட்டை உருவி வெளியே வைத்துவிடுங்கள். தோட்டாக்கள் அந்த மேஜையிலேயே இருக்கக் கூடாது.

அடுத்து, கையில் இருப்பது எந்த ரெயில் என்று தெரிய வேண்டும். பிக்காட்டினி ரெயிலின் அளவுகளை 1995-இல் அமெரிக்க ராணுவம் மில்-ஸ்டாண்டர்ட் 1913 என்ற பெயரில் நிர்ணயித்தது. குறுக்குப் பள்ளத்தின் அகலம் 5.23 மி.மீ., ஒரு பள்ளத்தின் நடுவிலிருந்து அடுத்ததன் நடு வரை 10.01 மி.மீ., ஆழம் 3 மி.மீ. வீவர் ரெயில் அதற்கு முந்தியது. பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் அதன் பள்ளம் 4.57 மி.மீ.தான், இடைவெளியும் ஒரே சீராக இருக்காது. எனவே வீவர் மவுண்ட் பிக்காட்டினியில் உட்காரும், பிக்காட்டினி மவுண்ட் பெரும்பாலும் வீவரில் இறங்காது. உட்காருகிறதே என்று விட்டுவிடவும் முடியாது. வீவர் மவுண்டில் பள்ளத்துக்குள் இறங்கும் குறுக்கு போல்ட்டுக்கும் பிக்காட்டினி பள்ளத்துக்கும் நடுவே அரை மில்லிமீட்டருக்கு மேல் சந்து கிடக்கும். அந்தச் சந்தை முன்கூட்டியே ஒரு பக்கமாகத் தள்ளி மூடாவிட்டால், முதல் சில குண்டுகளே மூடிவிடும். ஜீரோவும், அதாவது குறி வைத்த இடத்திலேயே குண்டு விழும்படி செய்த திருத்தமும், அதோடு போகும்.

2009-இல் நேட்டோ கொண்டுவந்த ஸ்டனாக் 4694 ரெயிலில் பள்ளங்கள் பழையபடியே இருக்கின்றன. மாறியது, கருவி எதன் மேல் உட்கார வேண்டும் என்பது. சாய்ந்த விளிம்புகளை நம்பாமல், ரெயிலின் தட்டையான மேல்பரப்பில் அதை அழுத்திப் பிடிக்கச் சொல்கிறது. தட்டையான பரப்பைத் துல்லியமாகக் கடைவது சுலபம் என்பதால் கழற்றி மாட்டும்போது அதே இடத்துக்குத் திரும்புவதும் சுலபம்.

ஏர் ரைஃபிள்களில் பெரும்பாலும் இருப்பது 11 மி.மீ. டாவ்டெயில், பக்கங்கள் உள்நோக்கிச் சரிந்த ரெயில். பெயர்தான் 11. நடைமுறையில் 9.5 மி.மீ.யிலிருந்து 13 மி.மீ.க்கு மேலும் கிடைக்கிறது, பக்கச் சரிவின் கோணமும் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. கோணம் பொருந்தாத மவுண்ட் முழுப் பரப்பிலும் பிடிக்காமல் ஒரு விளிம்பில் மட்டும் கடிக்கும். இறுக்க இறுக்க ரெயிலில் தழும்பு விழுமே தவிர பிடி வராது. வாங்குவதற்கு முன் காலிப்பரால் அளந்துவிடுவது நல்லது.

இனி தலைப்பில் கேட்ட கேள்வி. தோட்டா துப்பாக்கி பின்னோக்கி உதைக்கும். ஸ்கோப் தன் எடையால் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும். துப்பாக்கியின் கணக்கில் அது முன்னோக்கி, பேரல் முனைப் பக்கம் போவதாக ஆகும். ஆகவே மவுண்டைப் பள்ளத்தில் வைத்து, பேரல் முனையை நோக்கி விரலால் அழுத்தி, குறுக்கு போல்ட் பள்ளத்தின் முன்சுவரில் முட்டிய பிறகு, அழுத்தியபடியே இறுக்க வேண்டும்.

ஸ்பிரிங் ஏர் ரைஃபிளில் இது தலைகீழ். பிஸ்டன் முன்னால் பாயும்போது ரைஃபிள் பின்னால் வருகிறது, பிஸ்டன் சிலிண்டர் முனையில் போய் நிற்கும்போது ரைஃபிள் சட்டென்று முன்னால் இழுக்கப்படுகிறது. இந்த இரண்டாவது வெட்டு மிகக் கூர்மையானது. அதில் ஸ்கோப் பின்தங்கி, மெல்ல மெல்லக் கண் பக்கம் ஊர்ந்து வரும். டாவ்டெயிலில் குறுக்குப் பள்ளம் இல்லை என்பதால் முட்டி நிற்க ஒன்றுமில்லை. எனவே மவுண்டில் ஸ்டாப் பின் (தடுப்பு ஊசி) இருப்பதாகப் பார்த்து வாங்கி, ரெயிலின் மேலுள்ள குழியில் அது இறங்கி, குழியின் பின்சுவரில் முட்டும்படி பொருத்த வேண்டும். குழி இல்லாவிட்டால் பின்பக்க மவுண்டுக்குப் பின்னால், அது ஊராமல் தடுக்கத் தனியாக ஒரு அரெஸ்டர் பிளாக். இரண்டு தனி ரிங்குகளைவிட ஒரே துண்டான நீள மவுண்ட் இங்கே மேல், ரெயிலைப் பிடிக்கும் பரப்பு அதில் கூடுதல். ஸ்கோப்பும் ஸ்பிரிங் ரைஃபிளுக்கு ஏற்றது என்று தயாரிப்பாளர் சொன்னதாக இருக்க வேண்டும். பெரிய ரைஃபிளின் உதையைத் தாங்கிய விலையுயர்ந்த ஸ்கோப்புகூட இந்த இருபக்க ஆட்டத்தில் உள்லென்ஸ் கழன்று போகும்.

பொருத்தும் வேலைக்கு வருவோம். ரெயிலே ரிசீவரில், அதாவது போல்ட் ஓடும் உடல்பகுதியில், ஸ்க்ரூவால் பிடிக்கப்பட்டது என்றால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். ரெயிலைக் கழற்றி, ஸ்க்ரூ, துளை, அடிப்பரப்பு மூன்றையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் எண்ணெய்ப் பசை போகத் துடையுங்கள். பிறகு முன் ஸ்க்ரூவை மட்டும் லேசாக இறுக்கி, பின்முனை ரிசீவரிலிருந்து எழும்புகிறதா என்று ஒரு தாளைச் செருகிப் பாருங்கள். எழும்பினால் ரெயிலும் ரிசீவரும் ஒன்றுக்கொன்று சமமாக இல்லை. அப்படியே எல்லா ஸ்க்ரூவையும் இறுக்கினால் ரெயில் வளையும், அந்த வளைவு ஸ்கோப் டியூபுக்குப் போகும். எப்பாக்சி ஊற்றி அடிப்பரப்பைச் சமன் செய்வதுதான் சரியான தீர்வு.

ஸ்க்ரூவின் நீளத்தைப் பலர் பார்ப்பதே இல்லை. நீளம் அதிகமான ஸ்க்ரூ, அதன் தலை ரெயிலை அழுத்துவதற்கு முன்பே துளையின் அடியில் முட்டிவிடும். இறுக்கத்தை அளக்கும் டார்க் ரென்ச் "கிளிக்" என்று சொல்லும், நீங்களும் நம்புவீர்கள், ரெயில் தளர்வாகவே இருக்கும். முன் ஸ்க்ரூ சேம்பர் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தால் போல்ட் மூடும்போது உரசும். எனவே ஸ்க்ரூவை மாட்டியபின் போல்ட்டைப் போட்டு ஒருமுறை திறந்து மூடிப் பாருங்கள்.

எவ்வளவு இறுக்குவது? தயாரிப்பாளர் தாளில் இருக்கும் எண்தான் கடைசி வார்த்தை. அது இல்லாதபோது வழக்கத்தில் உள்ளவை இவை: ரிங்கின் மேல்மூடி ஸ்க்ரூக்களுக்கு 15 முதல் 18 இன்ச் பவுண்ட், அதாவது 1.7 முதல் 2 நியூட்டன் மீட்டர். ரெயிலைக் கவ்வும் பெரிய அறுகோண நட் உள்ள எஃகு மவுண்டுகளுக்கு 65 இன்ச் பவுண்ட், சுமார் 7.3 நியூட்டன் மீட்டர். சின்ன ஸ்க்ரூ வைத்த அலுமினிய மவுண்டுகளுக்கு இதில் பாதிகூட வேண்டாம்.

கை அளவு தெரியும் என்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஆலன் கீயின் 7 செ.மீ. நீளக் கையில் 5 கிலோ விசை கொடுத்தால் 3.4 நியூட்டன் மீட்டர் வந்துவிடும், ரிங் மூடிக்கு வேண்டியதைப் போல் இரு மடங்கு. ஐந்து கிலோ ஒரு பெரிய விசையே இல்லை. கார் மெக்கானிக் வைத்திருக்கும் டார்க் ரென்ச்சும் இங்கே உதவாது, அதன் அளவு ஆரம்பிப்பதே இதற்கு மேலேதான். ஸ்க்ரூடிரைவர் வடிவில் 1 முதல் 8 நியூட்டன் மீட்டர் வரை காட்டும் ஒன்றை வாங்குங்கள். ஸ்கோப்புக்குக் கொடுத்த காசைப் பார்த்தால் இது பெரிய செலவல்ல.

ரிங்கை அதிகமாக இறுக்கினால் டியூபில் வளையத் தழும்பு விழுவது சின்ன நஷ்டம். உள்ளே லென்ஸ்களைச் சுமக்கும் குழாய் நெரிபட்டு, ஜூம் வளையம் கடினமாகும், பேரலாக்ஸ் குமிழ் சுற்ற மறுக்கும், குறியைத் திருத்தும் குமிழான டரட்டில் நான்கு கிளிக் கொடுத்தால் இரண்டுதான் நகரும். ஸ்கோப் கெட்டுவிட்டது என்று திருப்பி அனுப்பத் தோன்றும். அதற்கு முன் ரிங் ஸ்க்ரூக்களைத் தளர்த்தி மறுபடி சோதித்துப் பாருங்கள்.

ரிங்கின் இருபக்கச் சந்தும் சமமாக இருக்கும்படி, நான்கு ஸ்க்ரூக்களையும் மூலைக்கு மூலை மாற்றி, கால் கால் சுற்றாக இறுக்க வேண்டும். ஒரு பக்கத்தை முதலில் முழுதாக இறுக்கினால் டியூப் அந்தப் பக்கமாக உருளும், ஸ்கோப்புக்குள் தெரியும், சிரமப்பட்டு நேராக்கிய குறுக்குக்கோடு சாய்ந்துவிடும். சந்து முழுக்க மூடிக்கொண்டால் ரிங்கின் அளவே தவறு. டியூப்கள் 25.4, 30, 34 மி.மீ. என வருகின்றன, கலந்து போடுவது சகஜமாக நடக்கிறது. டரட் இருக்கும் தடித்த பகுதியையும் முன்பக்கம் விரியும் கழுத்தையும் ரிங் தொடக் கூடாது.

குறுக்குக்கோட்டின் சாய்வு பக்கத்து இலக்குக்கு ஒரு பொருட்டல்ல. தூரத்துக்கு உண்டு. உயரத் திருத்தம் 2 மீட்டர் தேவைப்படும் தூரத்தில் 3 டிகிரி சாய்வு இருந்தால் குண்டு 10 செ.மீ. பக்கவாட்டில் போகும். ரெயிலின் தட்டைப் பரப்பில் ஒரு ரசமட்டம், டரட் மூடியின் மேல் இன்னொன்று வைத்துச் சரிசெய்யலாம். ஆனால் டரட் மூடியும் குறுக்குக்கோடும் எல்லா ஸ்கோப்பிலும் ஒத்துப்போவதில்லை. தூரத்தில் ஒரு தூக்குக்குண்டு நூலைத் தொங்கவிட்டு, ஸ்கோப் வழியே பார்த்து நிற்கும் கோட்டை நூலோடு பொருத்துவது நம்பகமானது.

ஸ்க்ரூ தளராமல் மரையில் விடும் பசையான திரெட் லாக்கர் பற்றி ஆளுக்கொரு பேச்சு. ரெயிலை ரிசீவரில் பிடிக்கும் ஸ்க்ரூக்களுக்கு நீல நிற நடுத்தர வகை ஒரு சொட்டு போதும். முழுக்க இறுக 24 மணி நேரம் விடுங்கள். சிவப்பு வகையை இங்கே தொடவே தொடாதீர்கள், கழற்ற வேண்டுமென்றால் சூடேற்ற வேண்டும். ரிங் மூடிகளுக்கு எதுவும் தேவையில்லை என்பதே என் கருத்து, பல ஸ்கோப் தயாரிப்பாளர்களும் வேண்டாம் என்றுதான் சொல்கிறார்கள். காரணம் உண்டு. ஈரமான திரவம் மரையில் உராய்வைக் குறைக்கிறது. அதே 2 நியூட்டன் மீட்டருக்கு உலர்ந்த ஸ்க்ரூவைவிட ஈரமான ஸ்க்ரூ அதிகம் நெரிக்கும். எண்ணெய் போட்டு இறுக்கினாலும் இதே கதை.

பேரலைச் சுற்றியுள்ள ஹேண்ட்கார்டில் இப்போது எம்-லாக் பள்ளங்கள்தான் அதிகம். பைபாட் (இரண்டு கால் தாங்கி), ஸ்லிங் (தோள்வார்) கொக்கி, சின்ன ரெயில் துண்டு எல்லாம் அதில் ஏறுகின்றன. 2014-இல் மேக்புல் நிறுவனம் கொண்டுவந்த முறை இது. பள்ளத்தின் உள்ளே போகும் நட் ஸ்க்ரூவோடு சேர்ந்து கால் சுற்று திரும்பி, குறுக்கே நின்று கவ்வ வேண்டும். இங்கே நடக்கும் தவறு எப்போதும் ஒன்றுதான். நட் பாதி திரும்பி ஓரத்தில் மாட்டி நிற்கும், வெளியிலிருந்து இறுகியது போலவே இருக்கும், பைபாடில் பாரம் கொடுத்ததும் பிடுங்கிக்கொண்டு வரும். ஹேண்ட்கார்டின் உள்ளே டார்ச் அடித்து ஒவ்வொரு நட்டும் குறுக்கே நிற்கிறதா, ஸ்க்ரூ முனை பேரலைத் தொடாமல் இருக்கிறதா என்று பாருங்கள். பிளாஸ்டிக் ஹேண்ட்கார்டு என்றால் இறுக்கத்தைக் குறைக்க வேண்டும். ஸ்கோப்பின் ஒரு ரிங்கை ரிசீவரிலும் மற்றதை ஹேண்ட்கார்டிலும் போடும் வேலை மட்டும் வேண்டாம். பைபாடில் சாய்ந்தாலே ஹேண்ட்கார்டு வளையும், கூடவே ஸ்கோப்பும் திரும்பும்.

நெம்புகோல் வைத்த கழற்று மவுண்டுகளில், நெம்புகோல் பாதி தூரம் வந்ததும் எதிர்ப்பு தொடங்கும்படி நட்டைச் சரிசெய்யுங்கள். ஒற்றை விரலால் மூட முடிந்தால் தளர்வு. கழற்றி மாட்டும்போது அதே பள்ளம், அதே முன்தள்ளல். பல பிக்காட்டினி ரெயில்களில் பள்ளங்களுக்கு எண் போட்டிருப்பார்கள், அதைக் குறித்து வையுங்கள்.

எல்லாம் முடிந்ததும் ஒவ்வொரு ஸ்க்ரூத் தலையிலிருந்தும் பக்கத்து உலோகம் வரை நெயில் பாலிஷால் மெல்லிய கோடு. மவுண்டின் முன்விளிம்பு ரெயிலைத் தொடும் இடத்திலும் ஒன்று. முதல் இருபது குண்டுகளுக்குப் பிறகு டார்க் ரென்ச்சை அதே எண்ணில் வைத்து, தளர்த்தாமல் நேராகச் சோதியுங்கள். ஸ்க்ரூ கொஞ்சம் திரும்பினால் பாகங்கள் உட்கார்ந்திருக்கின்றன என்று பொருள். இரண்டாவது சோதனையிலும் திரும்பினால் கழற்றிக் காரணம் தேட வேண்டும்.

ஜீரோ ஓடினால் இலக்குத் தாளே பாதி விடை சொல்லும். குண்டுகள் ஒரே திசையில் கொஞ்சம் கொஞ்சமாக விலகிப் போனால் மவுண்ட் ஊர்கிறது. இரண்டு தனித்தனிக் கூட்டமாக விழுந்தால் ஏதோ ஒன்று இரு நிலைகளுக்கு நடுவே தாவுகிறது, பெரும்பாலும் சந்து மூடாத குறுக்கு போல்ட். ஒழுங்கே இல்லாமல் சிதறினால் ரெயிலை விட்டுவிட்டு, முதலில் ரிசீவரை மரக்கட்டையோடு பிணைக்கும் ஆக்‌ஷன் ஸ்க்ரூக்களைப் பாருங்கள். ஸ்கோப்பின் மேல் விழும் பழியில் கணிசமான பங்கு அந்த இரண்டு ஸ்க்ரூக்களுடையது.