மாத்திரையோடு சேர்ந்த மூச்சுப் பயிற்சி

விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும்; பிறகு தூக்கம் கிடையாது. தண்டையார்பேட்டையில் அந்த நேரத்தில் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளின் இரைச்சல் மட்டும் கேட்கும். எழுந்து குளிக்க வேண்டும் என்பதே மலையாகத் தெரிய, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தே இருப்பேன். இரண்டு மாதம் இப்படிக் கழிந்தபின், "இது சோம்பல் இல்லைங்க, டாக்டர்கிட்ட போகலாம்" என்று என் மனைவி அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் சென்றார்.

மனச்சோர்வு நோய் என்று மருத்துவர் சொன்னார். மாத்திரையின் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும் என்றும், கூடவே யோகா செய்யலாம், ஆனால் மாத்திரைக்குப் பதிலாக அல்ல என்றும் தெளிவாகவே சொன்னார். அந்தக் கடைசி வார்த்தையைத்தான் நான் மறந்தேன்.

பழைய வண்ணாரப்பேட்டையில் வயதான ஆசிரியை ஒருவரிடம் சேர்ந்தேன். ஆசனங்களைவிட எனக்குக் கடினமாக இருந்தது சவாசனம்தான். கண்ணை மூடிப் படுத்த மாத்திரத்தில் மூன்று மணி எண்ணங்கள் அத்தனையும் வந்து மொய்க்க, அழுதுவிட்டேன். "கண்ணைத் திறந்தே வெச்சிக்கோ தம்பி, ரெண்டு நிமிஷம் போதும்" என்றார் அவர். பிறகு என் விரல்களை மணிக்கட்டு நாடியில் வைத்து, மூச்சை நீளமாக வெளியே விடச் சொன்னார். மூச்சு வெளியேறும்போது துடிப்பின் வேகம் குறைவது விரலுக்கடியில் தெரிந்தது. யாருக்கும் உடலில் இயல்பாகவே நடப்பதுதான் அது. ஆனால் என் உடம்பு நான் சொல்வதைக் கேட்கிறது என்று பல மாதங்களுக்குப் பின் அன்றுதான் உணர்ந்தேன்.

இரண்டு மாதத்தில் தேறினேன். அப்போது வேறோர் இடத்தில் நடந்த யோகா முகாமில், "மாத்திரை வேண்டாம், பிராணாயாமமே போதும்" என்று சொன்னார்கள். நம்பி, ஒரே நாளில் நிறுத்தினேன். சில நாட்களில் தலைசுற்றலும் தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற அதிர்வும் வந்தன. மூன்றாம் வாரத்தில் மூன்று மணி விழிப்பும் திரும்பிவிட்டது. இனி இருந்து என்ன பயன் என்று நான் வாய்விட்டுச் சொன்ன இரவில், மனைவி அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலிமானஸின் 14416 எண்ணை அழைத்தார். மறுமுனையில் பேசியவர் தமிழில் பொறுமையாகக் கேட்டு, என்னைத் தனியே விட வேண்டாம் என்றும், காலையிலேயே மருத்துவரிடம் அழைத்துப் போகும்படியும் சொன்னார்.

மருத்துவர் கோபிக்கவில்லை. மாத்திரையை மீண்டும் தொடங்கி, நன்றாக ஆன பிறகும் குறைந்தது ஆறு மாதம் எடுக்க வேண்டும், நிறுத்துவதானால் படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும் என்று விளக்கினார். மனச்சோர்வும் அளவுமீறிய மனஎழுச்சியும் மாறி மாறி வரும் இருதுருவ மனநோய் உள்ளவர்களுக்குக் கபாலபாதி போன்ற வேகமான மூச்சுப் பயிற்சிகள் அந்த எழுச்சியைத் தூண்டிவிடக் கூடும் என்பதால், எந்தப் பயிற்சி என்றாலும் தம்மிடம் கேட்கச் சொன்னார். நோயாளியிடம் மாத்திரையை நிறுத்தச் சொல்லும் உரிமை எந்த யோகா ஆசிரியருக்கும் கிடையாது என்பதை அனுபவித்தபின் எழுதுகிறேன்.

இப்போது ஐந்தரை மணிக்கு மொட்டைமாடியில் பாயை விரிக்கிறேன். சூரிய நமஸ்காரம் நான்கு சுற்று, மூக்கின் இரு துளைகளிலும் மாற்றி மாற்றி மூச்சு விடும் நாடிசுத்தி பத்து நிமிடம், கண் திறந்த சவாசனம். முடியாத நாளில் உட்கார்ந்து மூச்சு மட்டும் விடுகிறேன். கீழே இறங்கியதும் மனைவி இட்லித் தட்டுடன் அன்றைய மாத்திரையையும் நீட்டுவார்.